வலென்சியாவில் ஐந்து நாட்கள்: மூன்று தலைமுறையாகப் போகிறோம், திட்டத்தைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்

இலண்டன் வாசகர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மே மாதக் கடைசி வாரப் பள்ளி விடுமுறையில் ஸ்பெயினின் வலென்சியா நகருக்குப் போகலாம் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். நானும் மனைவியும், ஒன்பது வயது மகளும், நான்கு வயது மகனும், எழுபத்தொரு வயதான என் தாயாருமாக ஐந்து பேர். புதன்கிழமை பிற்பகல் போய் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை இரவு விமானத்தில் திரும்புவதாக எண்ணம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஒரே மூச்சில் அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க இயலாது. சுத்த சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் நடவும் அறுவடையும் பார்த்து வளர்ந்தவர். "எனக்கென்று எதுவும் பார்க்க வேண்டாம், பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருந்தால் போதும்" என்று அவர் சொல்லிவிட்டார். அந்தச் சொல்தான் என்னை உறுத்துகிறது. ஐந்து நாளும் பிள்ளைகளின் பையைக் காத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்கும்படி ஆகிவிடக் கூடாது.

இப்போதைய திட்டம் இது: புதன் மாலை பழைய நகரம், வியாழன் முழுவதும் கலை அறிவியல் நகரம் என்னும் கட்டடத் தொகுதியும் ஓசியனோகிராஃபிக் மீன்காட்சியகமும், வெள்ளிக்கிழமை ரயிலில் பார்சிலோனா போய்த் திரும்புதல், சனிக்கிழமை காலை பயோபார்க் விலங்குப் பூங்கா, மாலை கடற்கரை, ஞாயிறு அல்புஃபேரா ஏரி, அங்கிருந்து நேராக விமான நிலையம். மே மாதம் சரிவராவிட்டால் அக்டோபர் கடைசியில் போகலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. எங்கே தங்குவது, எதை விடுவது, அம்மாவுக்கு என்ன சாப்பாடு கிடைக்கும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

வலென்சியா வாசகர்

வணக்கம் தம்பி. நான் இங்கே பதினோரு ஆண்டுகளாகக் குடும்பத்தோடு வசிக்கிறேன். முதலில் பார்சிலோனாவை எடுத்துவிடுங்கள். ரயிலில் போக ஏறத்தாழ மூன்று மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம். நான்கு வயதுப் பிள்ளைக்கும் முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கும் அந்த நாளில் ரயில் பெட்டியைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்காது.

இந்த ஊரைக் குடும்பத்தோடு பார்க்க வருகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான். இங்கே ஊரின் நடுவில் ஒரு ஆறு இருந்தது. இப்போது அங்கே தண்ணீர் இல்லை, தோட்டம் இருக்கிறது. 1957 அக்டோபர் 14 அன்று துரியா ஆறு பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. அதன்பின் நகருக்குத் தெற்கே புதிய வாய்க்கால் வெட்டி ஆற்றையே அதன் வழியாகத் திருப்பிவிட்டார்கள். காய்ந்து கிடந்த பழைய படுகையில் நெடுஞ்சாலை போடலாம் என்று அரசாங்கம் திட்டம் தீட்டியபோது, ஊர் மக்கள் அதை எதிர்த்து, எங்களுக்குப் பசுமையாக ஓர் இடம் வேண்டும் என்று நின்றார்கள். 1986 முதல் அது பூங்காவாகத் திறந்திருக்கிறது. மேற்கே பயோபார்க் பக்கம் தொடங்கி, கிழக்கே கலை அறிவியல் நகரம் வரை ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் நீளம், பழைய பாலங்களின் அடியிலேயே வளைந்து போகிறது. வண்டிகள் மேலே ஓடும். நாம் கீழே ஆரஞ்சு மரங்களுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவே இருப்போம். சாலையைக் கடக்கும்போது பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கும் வேலையே இல்லை.

ஆகவே தங்குமிடத்தை இந்தப் படுகையிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் தேடுங்கள். பழைய நகரத்துக்கும் கலை அறிவியல் நகரத்துக்கும் இடைப்பட்ட பகுதி உங்களுக்குச் சரியாக இருக்கும். எல் கார்மென், ருசாஃபா ஆகிய இரண்டும் அழகான பகுதிகள்தாம். ஆனால் இரவு ஒரு மணிக்கும் தெருவில் பேச்சுச் சத்தம் ஓயாது, பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். காலையில் எழுந்ததும் பிள்ளைகளை ஆற்றுக்குள் இறக்கிவிட்டுவிட்டால், அன்றைய பொழுதில் பாதி தானாகவே நடந்துவிடும். அம்மா நிழலில் உட்கார்ந்திருப்பது, வேறு எங்கும் போக முடியாமல் உட்கார்ந்திருப்பதாக இராது. இந்த ஊர்ப் பாட்டிகள் எல்லோரும் மாலையில் அங்கேதான் இருக்கிறார்கள்.

அந்தப் படுகையின் கிழக்குப் பகுதியில் கல்லிவர் இருக்கிறார். ஏறத்தாழ எழுபது மீட்டர் நீளத்துக்கு மல்லாந்து கிடக்கும் மனித உருவம். அவருடைய சட்டை மடிப்புகளும் விரல்களும் தலைமுடியும் எல்லாமே பிள்ளைகள் ஏறிச் சறுக்குவதற்கான பாதைகள். 1990ஆம் ஆண்டு முதல் இருக்கிறது, கட்டணம் இல்லை. உங்கள் மகன் அங்கிருந்து வர மறுப்பான், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். நண்பகலில் சறுக்குப் பாதை சூடேறிவிடும் என்பதால் மாலை ஆறு மணிக்குப் பிறகு போவது நல்லது. மே மாதக் கடைசியில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும்.

பர்மிங்காம் வாசகர்

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நாங்கள் என் மாமியாரோடு போனபோது பட்ட அனுபவத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். இணையத்தில் ஒரு குடியிருப்பை எடுத்தோம். முதல் மாடி என்று போட்டிருந்தது. அங்கே போய்ப் பார்த்தால், தரைத்தளத்துக்கு மேலே இடைத்தளம், அதற்கு மேலே முதன்மைத்தளம், அதற்கும் மேலேதான் அவர்கள் முதல் மாடி என்று சொல்வது. பழைய கட்டடம், மின்தூக்கி கிடையாது. நாலு நாளும் மாமியார் காலையில் ஒரு முறை இறங்கி இரவில் ஒரு முறை ஏறியதோடு சரி. மதிய ஓய்வுக்கு அறைக்குத் திரும்பவே முடியவில்லை. ஆகவே மின்தூக்கி உண்டா, அது தெருமட்டத்திலிருந்தே புறப்படுகிறதா, அல்லது வாசலில் ஐந்தாறு படி ஏறிய பிறகுதான் வருகிறதா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

உங்கள் தாயார் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் அவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். பிரித்தானியாவில் நிரந்தரமாக வசிப்பவராக இருந்தாலும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாளுக்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதுதான் உண்மையான தடை, அதனால் பிப்ரவரியிலேயே தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். உங்கள் பிரித்தானியக் கடவுச்சீட்டுகள், நீங்கள் ஸ்பெயினுக்குள் நுழையும் நாளில் வழங்கப்பட்டுப் பத்தாண்டு தாண்டாதவையாக இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்.

பாரிஸ் வாசகர்

அக்டோபர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நானும் குடும்பமும் இரண்டு முறை சென்றிருக்கிறோம், ஒரு முறை அக்டோபர் மாதத்தில். பெரும்பாலான நாட்கள் மிக இதமானவை என்பது உண்மை. ஆனால் கோடை முழுவதும் சூடேறிய மத்தியதரைக் கடலின் மேல் இலையுதிர் காலத்தில் குளிர்ந்த காற்று வந்து சேரும்போது, சில மணி நேரத்துக்குள் பல மாத மழை கொட்டிவிடும். 2024 அக்டோபர் 29 அன்று அப்படித்தான் நகரின் தெற்கே உள்ள ஊர்கள் மூழ்கி, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்கா சொன்ன அந்தப் புதிய வாய்க்கால் அன்று நகரைக் காத்தது; வாய்க்காலுக்குத் தெற்கே இருந்த பாய்போர்த்தா முதலிய ஊர்களுக்கு அந்தக் காப்பு இருக்கவில்லை. அக்டோபரில் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போனால் வானிலை எச்சரிக்கையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சிவப்பு எச்சரிக்கை வந்தால் அறையிலேயே இருங்கள். தெரிவு உங்கள் கையில் இருக்கிறது என்றால் மே மாதமே நல்லது.

மார்ச் மாதம் வேண்டாம் என்பதையும் இந்த இழையைப் பின்னர் படிப்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். மார்ச் 15 முதல் 19 வரை ஃபாயாஸ் திருவிழா. பெரிய பெரிய உருவங்களைத் தெருவெங்கும் நிறுத்தி 19ஆம் திகதி இரவு எரிப்பார்கள். வாழ்நாளில் ஒரு முறை பார்க்க வேண்டியதுதான். ஆனால் மார்ச் முதலாம் திகதியிலிருந்தே ஒவ்வொரு நாளும் பிற்பகல் இரண்டு மணிக்கு நகரமன்றச் சதுக்கத்தில் வெடிக்கும் வெடி, நெஞ்சுக்கூட்டையே அதிர வைக்கும். சிறு பிள்ளைக்கும் முதியவருக்கும் அது விழாவாக இராது.

இலண்டன் வாசகர்

மிக்க நன்றி. பார்சிலோனாவை எடுத்துவிட்டேன், மே மாதம் என்றே முடிவு. அம்மாவின் விசாவுக்கு நேற்றே நாள் பதிவு செய்தாயிற்று. நான் அஞ்சுவது சாப்பாட்டை நினைத்துத்தான். எங்கே தேடினாலும் முயல் இறைச்சியும் கோழியும் போட்ட சோற்றைத்தான் அந்த ஊரின் பெருமையாகச் சொல்கிறார்கள். அம்மா ரொட்டியும் வாழைப்பழமுமாக ஐந்து நாளைக் கழிக்க நேருமோ?

வலென்சியா வாசகர்

நேராது. ஆனால் நேரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், சொற்களையும் கவனிக்க வேண்டும்.

நேரத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகளோடு வருகிறவர்கள் இடறி விழும் இடம் இதுதான். மதிய உணவு இரண்டு மணிக்கு. மூன்றரை, நான்கு மணிக்குச் சமையலறையை மூடிவிட்டால் இரவு எட்டு, எட்டரைக்கு முன் அடுப்பு எரியாது. மாலை ஆறு மணிக்குப் பசி என்று பிள்ளை அழுதால், ஊர் முழுவதும் கடைகள் திறந்திருக்கும், சோறு மட்டும் கிடைக்காது. இந்த ஊர்க்காரர்கள் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். காலை பத்து, பத்தரைக்கு 'எஸ்மோர்சாரெத்' என்று ஒரு பெரிய இடைப்பலகாரம்: நீள ரொட்டிக்குள் ஏதாவது வைத்து, கூடவே வேர்க்கடலையும் ஒலிவக் காயும். மாலை ஐந்து, ஆறு மணிக்கு 'மெரியெந்தா' என்று இன்னொன்று. இந்த நான்கு வேளைக்கு நீங்களும் மாறிவிட்டால் பிள்ளைகள் ஒருபோதும் பசியில் அழ மாட்டார்கள்.

அந்த மாலைப் பலகாரம்தான் உங்கள் அம்மாவுக்கானது. ஓர்சாத்தா என்று ஒரு பானம். சுஃபா என்னும் சிறு கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து எடுக்கும் பால். அதில் மாட்டுப் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. நம்மூர்க் கோரைக்கிழங்குக்கு உறவான செடி அது; வாயில் போட்டு மென்றால் அம்மா அடையாளம் கண்டுகொள்வார். நகரின் வடக்கு எல்லையில் அல்போராயா என்னும் ஊரில் மணற்பாங்கான வயல்களில் விளைகிறது, மெட்ரோவிலேயே போய்விடலாம். நீரிழிவு இருந்தால் சர்க்கரை சேர்க்காததைக் கேளுங்கள், பல கடைகளில் தனியாக வைத்திருக்கிறார்கள். கூடவே தரும் ஃபார்தோன் என்னும் நீளமான இனிப்பு ரொட்டியில் முட்டை சேர்வதுண்டு, அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

இனிச் சொற்கள். 'கார்னே', அதாவது இறைச்சி, இல்லாமல் என்று மட்டும் சொன்னால், பன்றித்தொடைத் துண்டு தூவிய கீரையைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் பேச்சில் 'ஹாமோன்' என்னும் அந்தப் பன்றித்தொடை தனி இனம். வெறும் சாலட் என்று நம்பிக் கேட்டால் சூரை மீனைச் சேர்த்துவிடுவார்கள். சுட்ட குடைமிளகாய் அழகாக இருக்கிறதே என்று வாங்கினால் அதற்குள் உப்பிட்ட மீன் கிழித்துப் போட்டிருக்கும். ஆகவே 'நோ கொமோ கார்னே, நி ஹாமோன், நி பெஸ்காதோ, நி உவெவோ' (இறைச்சி, ஹாமோன், மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டேன்) என்று முழுவதையும் சொல்லுங்கள், அல்லது எழுதிக் காட்டுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சோற்றுக்கு வருகிறேன். முயல், கோழி, தட்டை அவரை, 'கர்ரோஃபோ' என்னும் பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, குங்குமப்பூ போட்டு அகன்ற தட்டையான இரும்புச் சட்டியில் வேகவைப்பதுதான் வலென்சியாவின் பயேயா. அதே சட்டியில் காய்கறி மட்டும் போட்டுச் செய்வதும் வழக்கம்தான். ஆனால் வேகவைக்கும் நீர் கோழிச்சாறா, மீன்சாறா, காய்ச்சாறா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். சாறு காய்கறியுடையது என்று உறுதி சொல்லும் இடத்தில், முந்தின நாளே தொலைபேசியில் சொல்லி இரண்டு பேருக்கென்று ஒரு சட்டி கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் செய்ய மாட்டார்கள். இரவில் கேட்காதீர்கள், இந்த ஊரில் அது மதியச் சாப்பாடு. வாசலில் வண்ணப் படத்தோடு பத்துவகை பயேயா பலகை வைத்திருக்கும் கடைக்குள் நுழையவே வேண்டாம். சட்டியின் அடியில் பிடித்த காந்தலுக்கு 'சோக்காராத்' என்று பெயர். குடும்பத்தில் அதற்குத்தான் சண்டை நடக்கும். பானையடிச் சோற்றைச் சுரண்டித் தின்று வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சமையல் வசதியுள்ள அறையாக எடுத்துக்கொண்டால் இரவில் அம்மாவே ஒரு ரசம் வைத்துக்கொள்ளலாம். நகரின் மத்தியச் சந்தையில் காய்கறி வாங்குங்கள். 1928இல் திறந்த கட்டடம். வண்ணக் கண்ணாடிக் குவிமாடத்தின் கீழே தக்காளியே இருபது வகை இருக்கும். பிற்பகல் மூன்று மணியோடு மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை.

பர்மிங்காம் வாசகர்

மீன்காட்சியகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஓசியனோகிராஃபிக் ஐரோப்பாவிலேயே பெரியது. ஃபீலிக்ஸ் கந்தேலா வடிவமைத்த, தாமரை இதழ் போன்ற கூரைகளைப் பார்ப்பதற்கே போகலாம். சுறாக்கள் தலைக்கு மேலே நீந்தும் கண்ணாடிச் சுரங்கத்தில் என் மகன் வாயைத் திறந்தபடி நின்றான். இடங்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால் நடை உண்டு; சக்கர நாற்காலி வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டு வைத்துவிடுங்கள். பக்கத்தில் உள்ள அறிவியல் அருங்காட்சியகத்தில் 'தொடாமல் இருப்பது தடை' என்பதே கொள்கை, உங்கள் மகளின் வயதுக்கு அது பொருத்தம். கட்டடங்களை வெளியே இருந்து சுற்றிப் பார்க்கக் கட்டணம் ஏதுமில்லை.

பாரிஸ் வாசகர்

இதில் மட்டும் நான் உடன்படவில்லை. டால்பின்களைத் தொட்டியில் வைத்துக் காட்சி நடத்தும் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல எனக்கு மனம் வருவதில்லை. எங்கள் பிள்ளைகளைப் பயோபார்க்குக்குத்தான் கொண்டுபோனோம். அங்கும் விலங்குகள் அடைபட்டுத்தான் இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் கம்பிவேலி கண்ணுக்குத் தெரியாமல், பாறையும் நீரும் பள்ளமுமாக எல்லை அமைத்திருக்கிறார்கள், காட்சி நேரம் என்று எதற்காகவும் ஓட வேண்டியதில்லை. உங்கள் பூங்காப் படுகையின் மேற்கு முனையில்தான் இருக்கிறது.

வலென்சியா வாசகர்

இந்தக் கேள்வியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. 2024 ஜூனில், குண்டு விழுந்துகொண்டிருந்த உக்ரைனின் ஹார்கிவ் நகரிலிருந்து பிளோம்பிர், மிராண்டா என்னும் இரண்டு வெள்ளைத் திமிங்கிலங்களை ஓசியனோகிராஃபிக்குக்குத்தான் கொண்டுவந்து காப்பாற்றினார்கள். வலையில் சிக்கிய கடலாமைகளுக்கு மருத்துவம் பார்த்து மறுபடி கடலில் விடும் வேலையும் அங்கே நடக்கிறது. அதே சமயம் டால்பின் காட்சியும் நடக்கிறது. நாங்கள் போகும்போது அந்தக் காட்சியைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றைப் பார்க்கிறோம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டில் ஒன்று போதும், தம்பி. இரண்டுக்கும் போனால் பிள்ளைகளுக்கு இரண்டுமே நினைவில் நிற்காது.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் முதல் பதிவில் அம்மா தஞ்சைப் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் புதன்கிழமை வருகிறீர்கள், மறுநாள் வியாழன். ஒவ்வொரு வியாழனும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. இந்தச் சமவெளிக்குப் பாசனம் தரும் வாய்க்கால்களின் உழவர்கள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்த எட்டு நடுவர்கள், கறுப்பு மேலங்கி அணிந்து, திறந்த தெருவில் வட்டமாக உட்கார்ந்து, தண்ணீர்த் தகராறுகளை அங்கேயே கேட்டு அங்கேயே தீர்ப்புச் சொல்வார்கள். வழக்கறிஞர் கிடையாது, எல்லாம் வாய்மொழி. முஸ்லிம்கள் ஆண்ட காலம் முதல் வருகிறது என்பார்கள்; 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பெரும்பாலான வியாழன்களில் வழக்கே இராது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். பதினொன்றே முக்காலுக்குள் போய் நின்றுவிடுங்கள்.

அடுத்தது அல்புஃபேரா. அதை ஞாயிற்றுக்கிழமைக்கும் விமானத்துக்கும் இடையில் சொருகி வைத்திருக்கிறீர்கள். அதுவே தனியாக ஒரு நாள். வார இறுதியில் ஊரே அங்கே சாப்பிடப் போகும், அதனால் வெள்ளிக்கிழமை போங்கள். ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 21,000 ஹெக்டேர் இயற்கைப் பூங்கா, அதில் பெரும்பகுதி நெல்வயல். மே மாதத் தொடக்கத்தில் வயல்களில் தண்ணீர் கட்டுவார்கள். நீங்கள் வரும் வாரம், வானம் தெரியும் தண்ணீருக்குள்ளிருந்து இளம்பயிர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். செப்டம்பரில் அறுவடை. அக்டோபரில் வந்திருந்தால் வெறும் தாளடியைத்தான் பார்த்திருப்பீர்கள். எல் பால்மார் என்னும் ஊருக்கு 24ஆம் எண் பேருந்து போகிறது. ஆனால் அடிக்கடி இல்லை. அம்மாவுக்காகப் போகும்போது மட்டுமாவது வாடகை வண்டி எடுங்கள், அரை மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே தட்டை அடிப் படகில் ஏரிக்குள் அழைத்துப் போவார்கள். நீர்மட்டம் பெரும்பாலான இடங்களில் ஆள் ஆழம்கூட இல்லை. ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் வாய்க்கால்களில் மதகுகள் இருக்கின்றன. நெல்லுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ அதற்கேற்ப அவற்றைத் திறந்து மூடுகிறார்கள். கரையில் செங்குத்தான நாணற்கூரை போட்ட பழைய உழவர் வீடுகள் சில இன்னும் நிற்கின்றன.

இலண்டன் வாசகர்

அக்கா, இதைப் படித்துக் காட்டியபோது அம்மா முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டார்: அங்கே நாற்று நடுகிறார்களா, தெளிக்கிறார்களா என்று. இனி அவர் பிள்ளைகளுக்காக மட்டும் வரவில்லை.

மாற்றிய திட்டம்: புதன் மாலை அறைக்குப் பக்கத்தில் ஆற்றுப்பூங்கா மட்டும். வியாழன் காலை மத்தியச் சந்தை, பன்னிரண்டுக்குத் தண்ணீர் நீதிமன்றம், மதியம் ஓய்வு, மாலை கல்லிவர். வெள்ளி அல்புஃபேரா. சனி காலை ஓசியனோகிராஃபிக், டால்பின் காட்சி இல்லாமல். மாலை அல்போராயாவில் ஓர்சாத்தா. ஞாயிறு கடற்கரை, இரவு விமானம். ஏதும் பிழை இருக்கிறதா?

வலென்சியா வாசகர்

ஒன்றே ஒன்று. ஞாயிறு காலை கடலுக்கு முன் பட்டு மாளிகையை எட்டிப் பாருங்கள். சந்தைக்கு நேர் எதிரே இருக்கிறது, ஞாயிறுகளில் கட்டணம் இல்லை. முறுக்கிய கயிறு போன்ற கல்தூண்களைக் காண அரை மணி போதும். பிறகு டிராமில் மால்வரோசா கடற்கரைப் பக்கம் போங்கள். மணல் அகலம், கடல் வெகுதூரம் வரை ஆழமில்லை, ஆனாலும் கொடியின் நிறத்தைப் பாருங்கள்: பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் காலையும் நனைக்க வேண்டாம். திரும்பும் வழியில் கபன்யால் தெருக்களில், ஓடு பதித்த மீனவர் வீடுகளைப் பாருங்கள். அகலச் சாலை போடுவதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை இடிக்க 1998இல் திட்டம் போட்டார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ பதினேழு ஆண்டு போராடி அதைக் கைவிட வைத்தார்கள். இப்போது அவர்களை வெளியேற்றிக்கொண்டிருப்பது சுற்றுலா வாடகை. ஆகவே குடியிருப்பு எடுத்தால் உரிமப் பதிவெண் காட்டும் இடமாகப் பார்த்து எடுங்கள் என்று, இங்கே குடியிருப்பவளாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இலண்டன் வாசகர் (ஜூன் மாதம்)

சென்ற வாரம் திரும்பினோம். உதவியவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

வியாழன் அன்று வழக்கு ஒன்றும் இல்லை. பித்தளைப் பூண் போட்ட கோலோடு ஒருவர் நின்று, ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா என்று கூவினார். ஒவ்வொரு முறையும் பதில் இல்லை. சற்று நேரத்தில் எல்லோரும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். மகள் ஏமாந்து போனாள். அம்மா மட்டும், "சண்டை இல்லையென்றால் கடைமடை வரைக்கும் தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள்" என்று அவளுக்கு விளக்கினார். அப்படியே கடைமடை என்றால் என்ன என்று தொடங்கி, கல்லிவரின் காலடியில் மாலை வரை அந்தப் பேச்சு நீண்டது.

அல்புஃபேராவில் முளைகட்டிய விதையைத் தெளிக்கிறார்கள், நடுவதில்லை. வயலில் உழுதுகொண்டு போன ஒரு வண்டியின் பின்னால் கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் கூட்டமாக நடந்தன. படகோட்டியும் அம்மாவும் ஒரு மொழியும் பொதுவாக இல்லாமல், மதகைக் காட்டிக் காட்டிக் கைகளால் வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். காய்கறிச் சட்டியில் காந்தலை அம்மாதான் எடுத்துக்கொண்டார்.

தவறியதும் ஒன்று உண்டு. சனிக்கிழமை மீன்காட்சியகத்துக்குச் சக்கர நாற்காலி கேட்டு வைக்க மறந்துவிட்டேன். பாதியில் அம்மா களைத்துப்போக, மனைவியும் அவரும் வெளியே வந்து உட்கார வேண்டியதாயிற்று. பர்மிங்காம் நண்பர் எழுதியிருந்தும் விட்டது என் பிழை. அடுத்துப் போகிறவர்கள் செய்யாதீர்கள்.

இன்னொன்று. துணிப்பையில் அடைத்த 'பொம்பா' அரிசி ஒரு கிலோ வாங்கி வந்தோம். அம்மா அதில் தயிர்சாதம் செய்ய முயன்றார். எவ்வளவு நீர் விட்டாலும் குடிக்கிறது, எவ்வளவு நேரம் வைத்தாலும் குழைய மறுக்கிறது.

வலென்சியா வாசகர்

பொம்பா அப்படித்தான் தம்பி. குழையாமல் நிற்பதற்காகவே அதற்குக் கூடுதல் விலை. அடுத்த முறை 'செனியா' என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அது குழையும், எங்கள் வீட்டில் தயிர்சாதமும் பொங்கலும் அதில்தான்.